மேடைக்கு ஒரு பட்டியல், மறுதேர்வுக்கு ஒரு பட்டியல்

மார்ச் பிறந்ததும் கேரளத்து நடுநிலைப் பள்ளிகளில் ஆசிரியர் மேசைமீது இரண்டு பட்டியல்கள் உருவாகின்றன. ஒன்று, ஆண்டிறுதி விழாவில் மேடையேற வேண்டிய மாணவர்களின் பட்டியல். மற்றொன்று, எழுத்துத் தேர்வில் முப்பது விழுக்காட்டைத் தொடமாட்டார்கள் என்று ஆசிரியர் முன்பே அறிந்து வைத்திருக்கும் மாணவர்களின் பட்டியல். முதற்பட்டியல் அழைப்பிதழில் அச்சேறுகிறது. இரண்டாம் பட்டியல் எவர் கண்ணுக்கும் படாமல் இழுப்பறையில் கிடக்கிறது. ஒரே வகுப்பறையில் பத்து மாதம் அடுத்தடுத்து அமர்ந்திருந்த பிள்ளைகள், கல்வியாண்டின் கடைசி நான்கு வாரங்களில் இவ்வாறு இரு குலங்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். இப்பிரிவினையைக் கல்வித்துறை விழா என்றும் தரமேம்பாடு என்றும் இரு வேறு பெயர்களால் அழைக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: ஆண்டு முழுவதும் செய்திருக்க வேண்டிய பணியை ஆண்டின் இறுதியில் காட்சியாக மாற்றிவிடும் வழக்கம்.

கழக்கூட்டத்தைப் போல் இவ்வழக்கத்தின் பொருளைத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் ஒருபுறம். கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம் மறுபுறம். 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட தும்பாக் கடற்கரை மேற்கே. கணினிப் பொறியாளரின் பிள்ளை, கடற்கரைச் சிற்றூரின் மீனவர் பிள்ளை, கட்டடப் பணிக்கு வந்த விருந்தினர் தொழிலாளரின் பிள்ளை என மூவரும் வாழும் நிலப்பரப்பு இது. முதலாமவர் பெரும்பாலும் மத்திய பாடத்திட்டப் பள்ளிகளுக்குச் சென்றுவிட, ஏனைய இருவரையும் பொதுப்பள்ளியே தாங்குகிறது. எனவே ஆண்டிறுதியில் பொதுப்பள்ளி தன் பிள்ளைகளை எப்படி வழியனுப்புகிறது என்பது வெறும் நிகழ்ச்சி நிரல் பற்றிய வினா ஆகாது. அது நீதி பற்றிய வினா.

முதலில் விழாவைக் காண்போம். 'படனோத்சவம்' என்னும் கல்வித் திருவிழாவின் கருத்து உயர்ந்தது. பிள்ளைகள் அவ்வாண்டு கற்றதைப் பெற்றோர் முன்னும் ஊரார் முன்னும் தாமே எடுத்துக்காட்ட வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளி பொதுமக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் 2017இல் தொடங்கியபின் கேரளப் பள்ளிகளில் வளர்ந்த நல்ல சிந்தனைகளுள் இதுவும் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கணக்குக் காட்டுவதற்கும் கண்காட்சி நடத்துவதற்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. சரளமாக வாசிக்கும் சிறுமி வாசித்துக் காட்டுகிறாள். பெருக்கலில் தேர்ந்த சிறுவன் கணக்குப் போட்டுக் காட்டுகிறான். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளை நாற்காலி அடுக்குகிறது. அல்லது குழுநடனத்தின் கடைசி வரிசையில் நிற்கிறது. ஊரார் கைதட்டிக் கலைகிறார்கள். எவருக்குக் கல்வி கிட்டவில்லையோ அவரைப் பற்றிய கணக்கு மட்டும் அந்த மேடையில் ஒப்புவிக்கப்படுவதே இல்லை. வரவை மட்டும் படித்துவிட்டுச் செலவை மறைக்கும் கணக்குப்பிள்ளையை எந்த ஊரும் ஏற்காது. பள்ளியில் மட்டும் ஏற்கிறது.

அடுத்தது பிரிவுபசாரம். கேரளத்தில் ஐந்து முதல் ஏழு வரையிலான வகுப்புகளே நடுநிலைப் பிரிவு. ஏழாம் வகுப்போடு முடியும் பள்ளியில் படிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மார்ச் இறுதி வாழ்வின் முதற்பிரிவு. அந்தப் பிரிவுக்கு ஓர் அழகான வடிவம் தேவை. இன்று அதற்குக் கிடைத்திருப்பதோ உயர்நிலை வகுப்புகளிடமிருந்து இரவல் வாங்கிய வடிவம்: ஒரே நிறத்து உடை, கேக், ஆளுக்கு இவ்வளவு என்று வசூல், கைப்பேசிப் படம். வசூல்தொகை சிறிதே ஆயினும், அதைத் தர இயலாத வீட்டுப் பிள்ளை அன்று வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் தங்கிவிடுகிறது. வருகைப் பதிவேட்டில் அந்த வயிற்றுவலிக்கு எந்தக் கட்டமும் இல்லை.

உயர்நிலை வகுப்புகளின் வழியனுப்பு விழா எவ்வளவு கசந்துபோயுள்ளது என்பதை 2025 தொடக்கத்தில் கோழிக்கோடு மாவட்டத் தாமரச்சேரி காட்டியது. தனியார் பயிற்சி மையமொன்றின் பிரிவுபசார விழாவில் எழுந்த பூசல் மாணவர் மோதலாக முற்றிப் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. அதன்பின் தேர்வு முடியும் நாளில் பள்ளி வாயில்களில் காவலர் நிறுத்தப்பட்டனர். கொண்டாட்டம் வேண்டாம், பிள்ளைகள் உடனே வீடு திரும்ப வேண்டும் என்ற அறிவுரைகள் எழுந்தன. அச்சம் நியாயமானது. ஆனால் ஓராண்டுக் கல்வியின் இறுதி மணித்துளியில் ஒரு சமூகத்திடம் மேடை, காவலர் என்னும் இரண்டே கருவிகள் எஞ்சியிருப்பது அச்சமூகத்தின் கல்விச் சிந்தனையே வறண்டுபோனதற்குச் சான்று.

இனி மறுதேர்வு. எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் குறைந்தது முப்பது விழுக்காடு பெற வேண்டும் என்ற 'சப்ஜெக்ட் மினிமம்' முறையைக் கேரள அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஏற்றது. நாற்பது மதிப்பெண் தாளில் பன்னிரண்டு. 2025 மார்ச் ஆண்டுத் தேர்வில் அது முதன்முறை நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாணவர் ஏதேனும் ஒரு பாடத்திலாவது அந்த வரம்பை எட்டவில்லை. அவர்களுக்கு ஏப்ரல் 8 முதல் 24 வரை துணைவகுப்பு, 25 முதல் 28 வரை மறுதேர்வு, 30இல் முடிவு.

இந்த நாள்களை எண்ணிப் பார்க்கலாம். ஏப்ரல் 8 முதல் 24 வரை பதினேழு நாள். ஞாயிறு இரண்டு, விஷு ஒன்று, புனித வெள்ளி ஒன்று ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது பதின்மூன்று. சனிக்கிழமைகளையும் விட்டால் பதினொன்று. எட்டாண்டுக் கல்வியில் சேர்ந்த இடைவெளியைப் பதினொரு நாளில் அடைத்துவிடலாம் என்று நம்புவதற்குக் கல்வியியல் அறிவு தேவையில்லை. மந்திர நம்பிக்கை போதும்.

வரம்பை எட்டாதோர் மிகுதியாக இருந்த பாடம் இந்தி என்பது இங்கே கருதத்தக்கது. கேரளப் பள்ளியில் இந்தி தொடங்குவது ஐந்தாம் வகுப்பில், அதாவது நடுநிலைப் பிரிவின் வாயிலில். பிள்ளை அந்தப் பாடத்தைத் தவறவிட்டது ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோதான். அதற்கான தண்டனை எட்டாம் வகுப்பில், பெரும்பாலும் வேறொரு பள்ளியில், அதன் பெயரையே ஓராண்டுக்கு முன்புதான் அறிந்த ஆசிரியர்களின் கையால் வழங்கப்படுகிறது. ஏழாம் வகுப்பை முடித்துச் செல்லும் பிள்ளையின் கையிலுள்ள மாற்றுச் சான்றிதழ் அதன் பிறந்த தேதியைச் சொல்கிறது; பெற்றோர் பெயரைச் சொல்கிறது; அந்தப் பிள்ளைக்கு எதை வாசிக்க முடியும், எங்கே தடுக்குகிறது என்பதை அடுத்த ஆசிரியருக்குச் சொல்வதில்லை. இழுப்பறையில் கிடந்த இரண்டாம் பட்டியல் அங்கேயே கிடக்கிறது. ஓராண்டு கழித்து, உயர்நிலைப் பள்ளி அதே பட்டியலைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் வெளியிடுகிறது.

இதில் இன்னொரு முரண். கேரளக் கல்வி விதிகளின்படி மார்ச்சின் கடைசி வேலைநாளில் பள்ளி கோடை விடுமுறைக்கு மூடி, ஜூனின் முதல் வேலைநாளில் திறக்க வேண்டும். விடுமுறையில் வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை பலமுறை ஆணையிட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்ற காரணமும் கூறியிருக்கிறது. அதே துறை, வாசிக்க இடர்ப்படும் பிள்ளைக்கு மட்டும் அந்த உரிமை பொருந்தாது என்று தீர்மானித்திருக்கிறது. தெருவில் பந்தடிக்கும் தோழர்களைக் கடந்து சீருடையில் பள்ளிக்கு நடக்கும் பதின்மூன்று வயதுச் சிறுவனிடம், இது உதவி, தண்டனை அன்று என்று எவ்வளவு விளக்கினாலும் அவன் நம்பப்போவதில்லை. அவன் நம்பாததில் தவறுமில்லை.

இம்முறையை ஆதரிப்போர் இரண்டு வாதங்களை முன்வைக்கின்றனர். இரண்டும் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல.

முதல் வாதம்: அனைவருக்கும் தேர்ச்சி என்பது ஏமாற்று, எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையை வகுப்பு வகுப்பாக ஏற்றிவிடுவது ஏழைகளுக்கு இழைக்கும் துரோகம். இவ்வாதத்தின் முற்பாதி உண்மை. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை எவரையும் தேக்கி வைக்கக் கூடாது என்றது. கூடவே தொடர்ச்சியான மதிப்பீடும் வேண்டும் என்றது. முன்னதைப் பின்பற்றிய பள்ளிகள் பின்னதைப் பதிவேட்டை நிரப்பும் சடங்காக்கின. குற்றம் தேக்காமையில் இல்லை, கவனியாமையில் உள்ளது. கவனியாதவர் பெரியவர்; மறுதேர்வு எழுதுபவரோ குழந்தை.

இரண்டாம் வாதம் ஆய்வை மேற்கோள் காட்டுவது: குறுகிய காலத் தீவிர முகாம் பயன் தரும். ஆம், தந்திருக்கிறது. 2008 கோடையில் பீகாரில் அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டு பிரதம் அமைப்பின் முறையில் நடத்தப்பட்ட முகாம்கள் பிள்ளைகளின் வாசிப்பை உயர்த்தியதை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ முதலியோரின் ஆய்வுகள் காட்டின. ஆனால் அங்கே நடந்தது என்ன? பிள்ளைகள் வகுப்பு வாரியாகப் பிரிக்கப்படாமல், எழுத்தறியும் நிலை, சொல்லறியும் நிலை, பத்தி வாசிக்கும் நிலை எனத் தாம் நின்ற இடத்திற்கேற்பக் கற்பிக்கப்பட்டனர். கேரளத்து ஏப்ரல் வகுப்பின் இலக்கோ அதே எட்டாம் வகுப்புப் பாடத்தில் மறுதேர்வு. ஒன்று பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்குகிறது. மற்றொன்று பிள்ளை விழுந்த படியிலேயே மீண்டும் ஏறச் சொல்கிறது. முன்னதன் வெற்றியைப் பின்னதற்குச் சான்றாகக் காட்டுவது ஆய்வு நேர்மை ஆகாது.

தமிழ்நாட்டின் வரலாறும் இவ்விடத்தில் துணைநிற்கும். ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019 செப்டம்பரில் அங்கே ஆணை பிறந்தது. கடும் எதிர்ப்பின் பின் 2020 பிப்ரவரி 4 அன்று கைவிடப்பட்டது. கைவிட்டதனால் மட்டும் எந்தப் பிள்ளையும் வாசிக்கக் கற்றுவிடவில்லை. ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளில் அடிப்படைத் திறனில் பின்தங்கியோருக்குப் பள்ளி நேரத்திலேயே கற்பிக்கும் 'திறன்' திட்டம் 2025இல்தான் வந்தது. அதன் பயனை இனிமேல்தான் அளக்க வேண்டும். எனினும் திசை சரியானது: விடுமுறையைப் பறிக்கவில்லை, ஆண்டிறுதிவரை காத்திருக்கவுமில்லை.

கேரளம் சப்ஜெக்ட் மினிமத்தைக் கீழ்வகுப்புகளுக்கும் விரிவாக்க முனைந்துள்ள இவ்வேளையில் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, இரண்டாம் பட்டியல் ஏப்ரலிலிருந்து ஜூனுக்கு நகர வேண்டும். பள்ளி திறந்த முதல் மாதத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று கண்டு, அங்கிருந்து கற்பிக்கும் மணிநேரம் கால அட்டவணைக்குள்ளேயே அமைய வேண்டும். இரண்டாவது, ஏழாம் வகுப்பை விட்டுச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஆசிரியர் அடுத்த ஆசிரியருக்கு எழுதும் ஒரு பக்கக் குறிப்பு, மதிப்பெண் இன்றி, மாற்றுச் சான்றிதழோடு செல்ல வேண்டும். பள்ளியின் ஆண்டிறுதிச் செயல்பாடுகளுள் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. மூன்றாவது, விழாவில் ஒவ்வொரு பிள்ளையும் தன் நிலையிலிருந்து பேச வேண்டும். ஜூனில் எழுத்துக் கூட்டாத பிள்ளை மார்ச்சில் நான்கு வரி வாசித்தால், அந்த நான்கு வரிக்கே முதற்கைதட்டல் உரியது. அசாமிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்த பிள்ளை மலையாளத்தில் தன் ஊரைப் பற்றி மூன்று வாக்கியம் சொன்னால், பரிசுபெற்ற பேச்சாளரின் பத்து நிமிடத்தைவிட அதில் கல்வி மிகுதி.

இறுதியாகக் கல்வியுலகத்திற்கு ஒரு சொல். காரியவட்டம் வளாகத்திலிருந்து கழக்கூட்டத்துப் பள்ளிகள் பேருந்தில் சில நிமிடத் தொலைவே. அவ்வளாகத்தின் கருத்தரங்குகளில் கல்விக் கொள்கை, விளிம்புநிலை, சமூகநீதி என்னும் சொற்கள் நாள்தோறும் புழங்குகின்றன. மார்ச்சில் ஆய்வேடு சமர்ப்பிக்கும் பரபரப்பு, ஏப்ரலில் மறுதேர்வு பற்றிய கண்டனக் கட்டுரை, ஜூனில் மௌனம். பட்டியலில் உள்ள பிள்ளைக்குத் தேவை ஜூனில் வரும் ஆள். மொழியியல் மாணவர், கல்வியியல் மாணவர், தமிழோ இந்தியோ வங்காளமோ அறிந்த ஆய்வாளர் வாரத்தில் இரண்டு மணிநேரம் அருகிலுள்ள ஒரு நடுநிலைப் பள்ளியின் பின்வரிசையில் அமர்ந்தால், இழுப்பறையைத் திறக்க அமைச்சரவையின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதைச் செய்யாதவரை, மேடைக்குக் கீழே நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகமும் கைதட்டிக் கலையும் கூட்டத்தின் ஒரு பகுதியே.