ஊர்ச்சாலையில் வேகமும் வாயில்லாச் சீவன்களும்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசீய நெடுஞ்சாலை ஆந்திர எல்லையை அடையுமுன் தமிழ்நாட்டில் கடைசியாகத் தொடும் ஊர்களுள் ஆரம்பாக்கம் ஒன்று. முன்பு 5ஆம் எண்ணும் இப்பொழுது 16ஆம் எண்ணும் பெற்றுள்ள இச்சாலையில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் சரக்கை ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. தொழில் வளர்ச்சியால் நமது வட்டாரத்துக்கு வேலையும் வியாபாரமும் வந்துள்ளன என்பதை எவரும் மறுக்கார். ஆயின், நெடுஞ்சாலையிற் பழகிய வேகத்தைச் சிலர் ஊருக்குள் வரும் கிளைச்சாலையிலும் குறைப்பதில்லை. அதற்கு முதற் பலியாகின்றவை நாயும் ஆடும் கோழியும் கன்றுமே.

“நாய்தானே, ஆடுதானே” என்று இதனைத் தள்ளிவிடுவோர் உண்டு. நம் அங்கத்தினர்களின் நிலையிலிருந்து பார்த்தால் அவ்வாறு சொல்லத் தோன்றாது. இரவில் தறிக்கூடத்தையும் நெற்களத்தையும் காப்பது நாய். மழைக்காலத்தில் பாவு காயாமல் தறி நின்றுவிட்டாலும், பயிர் பொய்த்தாலும், விற்று அரிசி வாங்க உதவுவது ஆடு. கறவைப் பசுவோ பெரும்பாலும் கடனில் வாங்கியது. பசு இறந்தாலும் கடன் தவணை நிற்பதில்லை. இவற்றையன்றி, பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்த ஒரு சீவனை இழந்த வீட்டில் ஏற்படும் துயரம் பணத்தால் அளக்கக்கூடியதுமன்று.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நாய் அடிபட்ட வளைவு, பள்ளிச் சிறுவரும் முதியோரும் கடக்கும் வளைவேயாகும். மத்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவ்வாண்டில் நிகழ்ந்த விபத்துக்களில் நூற்றுக்கு 72 மிகுவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டுள்ளன. விபத்துக்களின் எண்ணிக்கையில் 64,105 என்ற தொகையுடன் முதலிடம் பெற்றது நமது மாநிலமே. இவ்வெண்களில் ஆடு மாடுகளும் நாய்களும் சேரவில்லை. அவற்றின் சாவை ஊரார் எச்சரிக்கையாகக் கொள்வார்களாயின், மனிதர் பெயர் அக்கணக்கில் ஏறாமல் தடுக்க இயலும்.

வேகத்தின் இயல்பை நாம் தெளிவாக அறிந்துகொள்ளவேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கக்கூடும். அதே கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், உலர்ந்த சாலையிலும் 55 மீட்டருக்கு மேல் வேண்டும். பாரம் ஏற்றிய லாரிக்கு இதனினும் மிகுதி. வேகம் இருமடங்கானால் மோதலின் வலிமை நான்கு மடங்காகிறது. இவ்வளவு ஆபத்தை ஏற்று ஓட்டுநர் அடையும் லாபம் யாது? இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஊரைக் கடப்பதில் ஒன்றரை நிமிஷம் மிச்சம், அவ்வளவே.

சட்டம் இதில் வாளாவிருக்கவில்லை. பொதுமக்களின் பாதுகாப்புக்காகக் குறிப்பிட்ட சாலையில் வேக வரம்பைக் குறைக்க, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. பிறர் சொத்துக்குச் சேதம் விளைந்தாலும் ஓட்டுநர் போலீஸாருக்குத் தகவல் தரவேண்டும் என்கிறது 134ஆம் பிரிவு. அங்கே போலீஸார் இல்லையாயின் 24 மணி நேரத்துக்குள் நிலையத்தில் அறிவித்தல் வேண்டும். வளர்ப்புப் பிராணி சட்டத்தின் பார்வையில் உடையவரது சொத்தேயாகும். ஆகவே இழப்பீடு கோரவும் வழியுண்டு.

கன்றின் மேல் தேரேறியதற்காகத் தன் மகனையே தண்டித்த மனுநீதிச் சோழன் கதையை அறியாத தமிழர் இலர். அம்மன்னனுக்குச் சிலை வைத்துள்ள சென்னை உயர்நீதிமன்றம், சாலைகளின் வேக வரம்பை உயர்த்திய 2018ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையை 2021இல் ரத்துச் செய்து தீர்ப்பளித்ததும் இங்கே நினைவுகூரத்தக்கது.

பழி முழுவதையும் ஓட்டுநர் மேற் சுமத்துவதும் நியாயமாகாது. நெல்லையும் கடலையையும் தார்ச்சாலையிற் காயவைப்பதும், மாட்டை இரவில் அவிழ்த்துவிடுவதும், நாய்க்குச் சோறிட்டுவிட்டு அதன் போக்கில் விடுவதும் நம் பக்கத்துக் குறைகள். திரியும் கால்நடைகளை நெடுஞ்சாலைகளிலிருந்து அகற்றவேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டிருப்பதையும் மறத்தலாகாது. சினத்தால் ஊரார் தாமே மண்ணையும் கல்லையும் கொட்டி அமைக்கும் வேகத்தடையும் தீங்கே; இருட்டில் அதில் விழுபவர் பெரும்பாலும் நம்மூர்ச் சைக்கிள்காரரே. சாலைத் துறையின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாய், வளைந்த முதுகோடு, வர்ணமும் முன்னறிவிப்புப் பலகையும் பெற்றிருத்தல் வேண்டும்.

ஆகவே, அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை சில உள. முதலாவதாக, பிராணிகள் அடிபட்ட இடங்களைத் தேதியுடன் சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். இரண்டாவதாக, அக்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு அடுத்த கிராமசபைக் கூட்டத்தில், வேக வரம்புப் பலகை, முறையான வேகத்தடை, தெருவிளக்கு, உலர்களம் ஆகிய நான்கையும் கோரித் தீர்மானம் நிறைவேற்றிக் கலெக்டருக்கு அனுப்பலாம். தனி மனிதர் மனுவினும் சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம். மூன்றாவதாக, சங்கத்துக்கு நூலும் உரமும் ஏற்றிவரும் வண்டிகள் ஊருக்குள் 30 கிலோமீட்டருக்கு மேற் செல்லலாகாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். பிறரைத் திருத்துமுன் நம் வண்டியைத் திருத்துவது முறை. நான்காவதாக, கறவை மாடுகளை இன்ஷூர் செய்து காதுவில்லையைப் பேணவேண்டும். மாடு இறந்தால் புதைக்குமுன் கால்நடை மருத்துவரின் சான்று பெறவேண்டும். அடிபட்டு உயிரோடிருக்கும் பிராணிக்கு 1962 என்ற எண்ணில் மருத்துவ உதவி கேட்கலாம்.

இவற்றுள் பெருஞ்செலவுள்ளவை அரசு செய்யவேண்டியவை; மற்றவை நம் கையிலுள்ளவை. நோட்டுப் புத்தகம் ஒன்றை இம்மாதமே தொடங்கிவிடலாம். நவம்பரில் தொடங்கினால் ஜனவரி 26ஆம் நாள் கிராமசபையில், வெறுங்குறையாக அன்றி, இடமும் தேதியும் குறித்த கணக்காக அதனை வைக்க இயலும்.