துப்பாக்கி வரட்டும், தோட்டா பையில் இருக்கட்டும்



ஊரில் கலவரம் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது குடோனில் கிடக்கும் சரக்குதான். கடன் வாங்கி இறக்கிய பருப்பு மூட்டையும் எண்ணெய் டின்னும் ஒரே இரவில் சாம்பலாகிவிடுமோ என்று தூக்கம் போய்விடும். அதனால் "ராணுவத்தைக் கூப்பிடுங்கள், கண்டதும் சுடச் சொல்லுங்கள்" என்று முதலில் குரல் கொடுப்பவர்களும் நாம்தான். நாமே அப்படிப் பேசியதுண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், குற்றங்களை அடக்குவதற்கென்று அதிபர் டிரம்ப் தேசியக் காவல் படையை இறக்கினார். முதலில் அவர்கள் ஆயுதம் இல்லாமல்தான் தெருவில் நின்றார்கள். மாதக் கடைசியில் துப்பாக்கி ஏந்த உத்தரவு வந்தது. நவம்பர் 26 அன்று வெள்ளை மாளிகைக்கு அருகே அந்தப் படையினர் இருவரை ஒருவன் சுட்டான். அவர்களில் ஒருவர் மறுநாள் இறந்துபோனார். "பார்த்தீர்களா அண்ணாச்சி, தோட்டா போட்ட துப்பாக்கி இல்லாமல் தெருவில் நிற்கலாமா?" என்று நம் கடைக்குச் சரக்கெடுக்க வந்த மளிகைக்காரர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் துப்பாக்கி ஏந்தும் உத்தரவு வந்து மூன்று மாதம் ஆன பிறகு நடந்தது அது. ஒளிந்து வந்து சுடுகிறவனைத் தோட்டா தடுத்துவிடும் என்று நாம் நம்பவில்லை.

நமக்கு வேறு ஒரு நாள் ஞாபகம் வந்தது. பல வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஊரடங்கு. இரண்டு மணி நேரம் தளர்த்தியிருந்தார்கள். நேரம் முடியப்போகிறதே என்று நம் கடைக் கூலியாள் ஷட்டரை வேகமாக இழுத்துவிட்டார். தரையில் மோதிய சத்தம் தெருவையே உலுக்கிவிட்டது. முனையில் நின்ற துணை ராணுவப் பையன், மீசை கூடச் சரியாக முளைக்காதவன், அப்படியே திரும்பினான். துப்பாக்கியின் முனை நம் மார்புக்கு நேராக இருந்தது. பக்கத்தில் நின்ற மூத்தவர் அதைக் கையால் அழுத்திக் கீழே இறக்கினார். நாம் பூட்டும் கையுமாக நின்றோம். அந்தத் துப்பாக்கியில் தோட்டா ஏறியிருந்ததா என்று கேட்கும் நிலையில் அன்று நாம் இல்லை. அந்தப் பையன்மேல் நமக்குக் கோபமும் இல்லை. இரவெல்லாம் கண் விழித்து, மொழி தெரியாத ஊரில் பயந்துபோய் நிற்கிறவன் அவன். கடைவீதியோ ஓயாமல் சத்தம் எழுகிற இடம். டின் விழும், டயர் வெடிக்கும், லாரியிலிருந்து மூட்டை சரியும்.

இது நம் மனப்பிராந்தி அல்ல என்பதற்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரமே சாட்சி. 1967 ஜூலை 23 அன்று அங்கே பெரும் கலவரம் மூண்டது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன அல்லது எரிந்தன. 43 பேர் இறந்தார்கள். அதை அடக்க இரண்டு வகைப் படைகள் வந்தன. ஒன்று, மாநிலத்தின் தேசியக் காவல் படை. இவர்களில் பெரும்பாலோர் வேறு தொழில் பார்த்துக்கொண்டு, வருடத்தில் சில நாட்கள் பயிற்சிக்கு வருகிறவர்கள். மற்றொன்று, மத்திய அரசு அனுப்பிய பாராசூட் படை. இதில் வியட்நாம் போரைப் பார்த்தவர்கள் பலர். தலைமை ஏற்ற ஜெனரல் த்ரோக்மார்ட்டன், எல்லோரும் தோட்டாவைக் கழற்றிவிட வேண்டும், அதிகாரி சொல்லாமல் சுடக்கூடாது என்று உத்தரவிட்டார். பாராசூட் படை கேட்டது. காவல் படையில் பலருக்கு உத்தரவு போய்ச் சேரவில்லை அல்லது சேர்ந்தும் அவர்கள் கேட்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். பாராசூட் படை செலவழித்த தோட்டா சுமார் 200. காவல் படை செலவழித்தது ஒன்றரை லட்சத்துக்கு மேல். நாட்டின் அதிபர் நியமித்த கெர்னர் குழுவின் அறிக்கைப்படி ராணுவத்தால் இறந்தவர் ஒருவர். காவல் படையால் இறந்தவர்கள் ஏழு முதல் ஒன்பது பேர். அவர்களில் ஒரு நான்கு வயதுக் குழந்தையும் உண்டு. வீட்டுக்குள் யாரோ சிகரெட் பற்றவைத்த வெளிச்சத்தைத் துப்பாக்கி வெடித்த வெளிச்சம் என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். பாராசூட் படை நின்ற கிழக்குப் பகுதியில் கலவரம் சற்றுக் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தராசை ஒரு பக்கம் சாய்த்துப் பிடிக்கக்கூடாது. ஆனாலும் அந்த வீரர்கள் தெருக் குப்பையை அள்ளி, காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுத்தார்கள். நகரத்திலேயே அமைதியான பகுதி அதுதான் ஆயிற்று.

அதே அறிக்கையில் நம்மைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. இறந்தவர்களில் இருவர் கடைக்காரர்கள் சுட்டு இறந்தவர்கள்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. 1992 ஏப்ரல் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் எரிந்தபோது, தோட்டா வந்து சேரத் தாமதமானதால் காவல் படை இறங்குவதும் தாமதமாயிற்று. அங்கே மிகவும் அடிபட்டவர்கள் நம்மைப் போன்ற கொரியக் கடைக்காரர்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் போயின. சிலர் தாங்களே துப்பாக்கியோடு கூரைமேல் ஏறி நின்றார்கள். அந்த வயிற்றெரிச்சல் நமக்குப் புரியாததல்ல. ஆனால் நாம் கேட்பது தோட்டா இல்லாத ராணுவத்தை அல்ல. தோட்டா இடுப்புப் பையில் இருக்கட்டும், அதிகாரியின் வாய்ச்சொல் வந்த பிறகு துப்பாக்கிக்குள் போகட்டும் என்கிறோம். அதற்குச் சில விநாடிகள் பிடிக்கும். ஷட்டர் சத்தத்தை ஷட்டர் சத்தம் என்று கண்டுகொள்ள அந்தச் சில விநாடிகள் போதும். அதே கலவரத்தின்போது, ஒரு குடும்பத் தகராறுக்குப் போன போலீஸ்காரர், "என்னைக் காத்துக்கொள்" என்று கத்தினார். துப்பாக்கியை நீட்டித் தயாராக இரு என்பது போலீஸ் அர்த்தம். உடன் வந்த மரீன் வீரர்களுக்கு அது சுடு என்ற அர்த்தம். இருநூறுக்கும் மேற்பட்ட குண்டுகள் அந்த வீட்டுக்குள் பாய்ந்தன. உள்ளே குழந்தைகள் இருந்தார்கள். யாரும் சாகாதது தெய்வச் செயல்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 130வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149வது பிரிவாகியிருக்கிறது. மாஜிஸ்திரேட் கேட்டால் ராணுவம் கூட்டத்தைக் கலைக்கலாம். கூடியவரை குறைந்த பலத்தைத்தான் பயன்படுத்த வேண்டும், ஆளுக்கும் சொத்துக்கும் கூடியவரை குறைந்த சேதமே ஆக வேண்டும் என்கிறது அது. தோட்டா எங்கே இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. அது உத்தரவு போடுகிறவர் கையில் இருக்கிறது. ஆகவே கேட்டு வாங்க வேண்டியது.

அடுத்த முறை ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிக் கூட்டம் என்று நம் சங்கத்தை அழைத்தால், வழக்கம்போல "பாதுகாப்பு கொடுங்கள்" என்று மட்டும் மனுக் கொடுத்துவிட்டு டீ குடித்துத் திரும்ப வேண்டாம். கடைவீதியில் நிற்கும் ஆட்களின் துப்பாக்கியில் தோட்டா ஏறியிருக்குமா, ஏற்றச் சொல்லும் அதிகாரி யார், அவர் எந்த முனையில் நிற்பார் என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்கி வரவேண்டும் என்பது நமது வேண்டுகோள். நம் கடை ஷட்டருக்கு மாதம் ஒரு முறை எண்ணெய் போட்டுவருகிறோம். சங்க உறுப்பினர்களும் அவரவர் கூலியாட்களிடம் மெதுவாக இறக்கச் சொல்லி வைக்கவும்.