சாட்சி சொல்ல வராத ஆறு பேர்

2008 ஏப்ரல் 17 அன்று, நோம் பென் நகரையொட்டிய சோங் எக் கொலைக்களத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் கம்போடிய எதிர்க்கட்சித் தலைவர் சாம் ரெயின்சி பேசினார். கெமர் ரூஜ் படை தலைநகருக்குள் நுழைந்து அன்றோடு 33 ஆண்டுகள். அப்போது பதவியில் இருந்த வெளியுறவு அமைச்சர், கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டின் ஆட்சிக் காலத்தில் போங் த்ராபெக் முகாமுக்குத் தலைமை வகித்தவர் என்ற பொருள்பட அவர் பேசினார். அமைச்சர் ஹோர் நாம்ஹோங் அவதூறு வழக்குத் தொடுத்தார். பேச்சை வெளியிட்ட எதிர்க்கட்சி ஆதரவுப் பத்திரிகையின் ஆசிரியர் டாம் சித், பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் கைது செய்யப்பட்டார். அதே குற்றச்சாட்டு இடம்பெற்ற ரெயின்சியின் தன்வரலாற்று நூலுக்காக பாரிஸிலும் ஒரு வழக்கு நடந்தது. பிரான்ஸின் கீழ் நீதிமன்றங்கள் ரெயின்சிக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 2011-இல் அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. அதே ஆண்டு நோம் பென் நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2015 நவம்பரில் பிறப்பிக்கப்பட்ட பிடியாணை, வெளிநாடு சென்றிருந்த ரெயின்சியை நாடு திரும்பவிடாமல் தடுத்தது. அதற்கும் இந்த வழக்கே அடிப்படை.

இத்தனை வழக்குகளுக்குப் பிறகும், போங் த்ராபெக்கில் யார் என்ன செய்தார்கள் என்ற கேள்வி தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. இந்தத் தோல்விக்குக் காரணம் கேள்வி கேட்டவர்கள் அல்ல, பதில் சொல்ல வேண்டிய மேடையிலிருந்து விலகிக்கொண்டவர்கள்தான் என்பதே என் வாதம்.

போங் த்ராபெக் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால்தான் கேள்வியின் கனம் புரியும். நாட்டைக் கட்டியெழுப்ப வாருங்கள் என்ற அழைப்பை நம்பி, 1975-க்குப் பிறகு தூதர்களும் பொறியாளர்களும் மாணவர்களும் வெளிநாடுகளிலிருந்து திரும்பினார்கள். வந்து இறங்கியவர்களை வரவேற்றது ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு தலைநகரம். அவர்களை அடைத்துவைத்த முகாம்களில் ஒன்று போங் த்ராபெக். பகலில் காய்கறித் தோட்ட வேலை. அது முடிந்ததும் கூட்டம்: ஒவ்வொருவரும் எழுந்து தன் குறைகளைத் தானே சொல்ல வேண்டும், பிறகு மற்றவர்களின் குறைகளையும் சொல்ல வேண்டும். அவ்வப்போது சிலர் வண்டியில் ஏற்றப்பட்டார்கள். அப்படிப் போனவர்களில் பலர் எஸ்-21 என்ற துவோல் ஸ்லெங் சிறையில் போய் முடிந்தார்கள். கைதிகளின் அன்றாடத்தை நடத்தக் கைதிகளிலிருந்தே ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. தானும் மற்றவர்களைப் போல ஒரு கைதிதான், குழுவுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டது உண்மை, ஆனால் யாருடைய உயிர்மீதும் தனக்கு அதிகாரம் இருக்கவில்லை என்பது ஹோர் நாம்ஹோங்கின் நிலை. குழுத் தலைவர் மேலிடத்துக்கு என்ன சொல்லி அனுப்பினார் என்று கேட்கிறார்கள் எதிர்த்தரப்பினர். பொறுப்பில் வைக்கப்பட்ட ஒரு கைதி பத்துப் பேரைக் காப்பாற்றியிருக்கலாம், பத்துப் பேரைக் காட்டிக்கொடுத்திருக்கலாம், இரண்டையும் செய்திருக்கலாம், இரண்டையுமே செய்யாமலும் இருந்திருக்கலாம். பதவியின் பெயரை வைத்து இதைத் தீர்மானிக்க வழியில்லை.

அவதூறு நீதிமன்றம் இதைத் தீர்மானிக்கும் இடமும் அல்ல. பேசியவர் வரம்பு மீறினாரா, பேசப்பட்டவரின் பெயர் கெட்டதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. பாரிஸ் தீர்ப்பு ரெயின்சிக்குச் சாதகமாக வந்தது கருத்துச் சுதந்திரத்தின் அடிப்படையில். அரசியல் விவாதத்தில் இப்படி ஒரு கேள்வியை எழுப்ப இடம் உண்டு என்பதே அதன் சாரம். அமைச்சர் குற்றவாளி என்று அது சொல்லவில்லை. நோம் பென் தீர்ப்பு அவரை நிரபராதி என்று நிரூபித்துவிடவும் இல்லை. ஆனால் இரண்டு தரப்பும் தனக்குப் பிடித்த தீர்ப்பை வரலாற்றின் தீர்ப்பாகவே தூக்கிப் பிடித்தன.

ஆவணங்களைத் திறந்தால் போதும், உண்மை தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் எஸ்-21 கோப்பு ஒன்று எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். உள்ளே வந்ததும் கைதியைப் புகைப்படம் எடுத்தார்கள். பிறகு அவர் தன் வாழ்க்கைக் கதையை எழுத வேண்டும். எழுதியது போதாது என்றால் அடி, மின்சாரம், தண்ணீர். மீண்டும் எழுதவைத்தார்கள். சிறைத் தலைவர் டூச் அதைப் படித்து, எதை இன்னும் கறக்க வேண்டும் என்று ஓரத்தில் தன் கையெழுத்தில் குறிப்பு எழுதினார். கடைசியில் கைதி ஒரு சதிகாரப் பட்டியலைத் தருவார். பட்டியலில் இருந்தவர்களைத் தேடி ஆட்கள் போவார்கள். அங்கே அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 12,272 பேர் என்று, கெமர் ரூஜ் குற்றங்களை விசாரிக்கப் பின்னர் அமைந்த தீர்ப்பாயம் கணக்கிட்டது. சித்திரவதையில் பிறந்த இந்தத் தாள்களில் ஒருவர் பெயர் இருப்பதும் இல்லாததும் அவர் நடத்தைக்குச் சான்றாகாது. அப்படியானால் மிஞ்சுவது உயிருடன் இருப்பவர்களின் வாக்குமூலம். குறுக்கு விசாரணைக்கு உட்பட்ட, பொதுப் பதிவில் ஏறும் வாக்குமூலம்.

அந்த வாய்ப்பு 2009-இல் வந்தது. ஐக்கிய நாடுகள் சபையும் கம்போடிய அரசும் சேர்ந்து அமைத்த அந்தத் தீர்ப்பாயத்தின் பிரெஞ்சு விசாரணை நீதிபதி மார்செல் லெமோந்த் ஆறு பேருக்குச் சாட்சி அழைப்பாணை அனுப்பினார். ஆளுங்கட்சித் தலைவர் சியா சிம், நாடாளுமன்றத் தலைவர் ஹெங் சம்ரின், ஹோர் நாம்ஹோங், நிதி அமைச்சர் கியாட் சோன், மேலும் இரண்டு செனட் உறுப்பினர்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களாக அல்ல, விவரம் தெரிந்தவர்களாகத்தான் அழைத்தார். ஒருவரும் வரவில்லை. பிடிக்காத வெளிநாட்டு அதிகாரிகள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பலாம் என்ற தோரணையில் அரசின் செய்தித் தொடர்பாளர் பேசினார். குற்றம் சாட்டப்பட்ட கெமர் ரூஜ் தலைவர் நுவோன் சியாவின் வழக்கறிஞர்கள் ஹெங் சம்ரினை அழைக்கும்படி திரும்பத் திரும்பக் கேட்டும் தீர்ப்பாயம் அவரை விசாரிக்காமலேயே முடிந்தது. இதே ஹெங் சம்ரின் 1990-களின் தொடக்கத்தில் வரலாற்றாய்வாளர் பென் கியர்னனிடம் அந்தக் காலம் பற்றி விரிவாகப் பேசியவர். ஆய்வாளரிடம் பேச முடிந்தவர் நீதிபதி முன் வர மறுத்ததற்கு என்னால் நியாயம் காண முடியவில்லை. வராததைக் குற்றத்தின் ஒப்புதலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சுமார் 17 லட்சம் பேர் மாண்ட ஒரு காலத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொல்ல மறுப்பது, மக்கள் வாக்கில் பதவி வகிப்பவருக்குத் தகாத செயல்.

அவர்கள்தானே போல் பாட்டை வீழ்த்தினார்கள் என்பது ஆளுங்கட்சியின் முதல் பதில். வீழ்த்தினார்கள், வியட்நாமியப் படையோடு சேர்ந்து அந்த ஆட்சியை விரட்டிய 1979 ஜனவரி 7 இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்களோ. அதன்பின் அமைந்த புதிய அரசை உலகின் பெரும்பகுதி ஒதுக்கியபோது இந்தியா 1980-இல் அங்கீகரித்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் நன்றிக் கடன் கணக்கை முடித்துவிடாது. நீண்டகாலம் பிரதமராக இருந்த ஹுன் சென் 1970-இல் கெமர் ரூஜில் சேர்ந்து, 1975-இல் போரில் ஒரு கண்ணை இழந்து, கிழக்கு மண்டலப் படைப்பிரிவில் துணைத் தளபதியானவர். வியட்நாமுக்குத் தப்பியது 1977 ஜூனில். ஹெங் சம்ரினும் சியா சிம்மும் தப்பியது 1978-இல், களையெடுப்பு அவர்கள் மண்டலத்தையே சூழ்ந்த பிறகு. 1975-இல் அதே கிழக்கு மண்டலத்தில் சாம் இன முஸ்லிம் கிராமங்கள் ரத்தத்தில் ஒடுக்கப்பட்டன. அதில் தனக்குப் பங்கில்லை என்கிறார் ஹுன் சென். அது உண்மையாகவே இருக்கலாம். யார் ஆணையிட்டார்கள், எந்தப் படை போனது என்பதையாவது அன்று அங்கே சீருடையில் இருந்தவர்கள்தானே சொல்ல முடியும்?

இரண்டாவது பதில் இன்னும் வலுவானது: பழையதைக் கிளறினால் மீண்டும் போர் வரும். 1998-இல் கெமர் ரூஜ் தலைவர்கள் கியூ சம்பானும் நுவோன் சியாவும் சரணடைந்தபோது, குழி தோண்டிக் கடந்த காலத்தைப் புதைத்துவிடலாம் என்றார் ஹுன் சென். இருபது ஆண்டு உள்நாட்டுப் போரைப் பார்த்த நாட்டில் அந்த அச்சத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் நடந்தது என்ன? அதே இருவரும் பின்னர் கைதாகி, 2018-இல் இனப்படுகொலைக் குற்றத்துக்கும் தண்டனை பெற்றார்கள். போர் வரவில்லை. அவர்களைத் தண்டித்தே வராத போர், ஆறு பேர் சாட்சி சொன்னால் வந்துவிடுமா?

எதிர்க்கட்சியும் இதில் சுத்தமில்லை. எதிராளியை 'கெமர் ரூஜ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது, மண்டலத்தையும் ஆண்டையும் பொறுப்பையும் கேட்காத சோம்பேறித்தனம். முன்னாள் மன்னர் சிஹானூக்கின் கட்சியினர் 1982 முதல் கெமர் ரூஜோடு கூட்டணி வைத்திருந்ததையும் எதிர்க்கட்சியினர் எளிதில் மறந்துவிடுகிறார்கள். 2013-இல், துவோல் ஸ்லெங் வியட்நாமியர்களின் ஜோடனை என்று எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான கெம் சோகா பேசியதாக ஓர் ஒலிப்பதிவு வந்தது. வெட்டி ஒட்டியது என்று அவர் மறுத்தார். அதையொட்டி, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நீக்கப்பட்டிருந்த நாடாளுமன்ற அவையில், கெமர் ரூஜ் குற்றங்களை மறுப்போருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்ற சட்டம் அவசரமாக நிறைவேறியது. மறுப்பவனைச் சிறையில் போடச் சட்டம் இயற்றிய அதே அவையின் தலைவர், நீதிபதி கேட்டபோது சாட்சி சொல்லவில்லை.

வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநில முதல்வர் மான்பிரெட் ஸ்டோல்பே, கிழக்கு ஜெர்மனி காலத்தில் திருச்சபை அதிகாரியாக இருந்தபோது ஸ்டாசி உளவுத்துறையோடு நீண்டகாலத் தொடர்பு வைத்திருந்தது 1992-இல் பெரும் சர்ச்சையானது. மாநில நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. கோப்புகள் படிக்கப்பட்டன, சாட்சிகள் வந்தார்கள், முதல்வரும் பதில் சொன்னார். திருச்சபைக்காகவே பேசினேன் என்ற அவர் விளக்கத்தைப் பலர் ஏற்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கேட்டறிந்த வாக்காளர்கள் 1994-இல் அவர் கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை தந்தார்கள். உண்மையைச் சொன்னால் பதவி போய்விடும் என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது.

கம்போடியத் தீர்ப்பாயம் 2022 செப்டம்பரில் கியூ சம்பானின் கடைசி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து விசாரணைப் பணியை முடித்துக்கொண்டது. தண்டனை பெற்றவர்கள் மூன்றே பேர். சியா சிம் 2015-இல் ஒரு வார்த்தை சாட்சி சொல்லாமலே இறந்தார். ஹெங் சம்ரின் 1934-இல் பிறந்தவர், ஹோர் நாம்ஹோங் 1935-இல். இனி அவர்களைத் தண்டிக்கப் போகும் நீதிமன்றம் எதுவும் இல்லை. அதனால் பேசுவதற்கு அஞ்ச வேண்டியதும் இல்லை. போங் த்ராபெக்கிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் நோம் பென்னிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது ஓர் ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து, பெயர், தேதி, ஆணையிட்டவர் என்று தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும். அவதூறு வழக்குகளில் அளிக்கப்பட்ட தண்டனைகளையும் அரசு ரத்து செய்ய வேண்டும்.