‘இல்லை’ என்று சொன்னது தமிழா, சர்வரா?

சென்ற வாரம் எங்கள் துறையின் ஆய்வுரையரங்கில் ஓர் ஆய்வு மாணவி தம் ஆய்வேட்டின் நான்காம் இயலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன். தமிழகத்துக்கு வெளியே, பல இந்திய மொழிகளுக்கும் பொதுவான ஒரு மொழியியல் துறையில் நடந்தது இது. ஆனால் இது எங்கள் துறையோடு முடிகிற செய்தி அன்று. இணையவழித் தரவகத்தில் சொல் தேடி, கிடைத்த எண்ணைக் கட்டுரையில் எடுத்தெழுதும் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் இதில் பங்கு உண்டு.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையில் எதிர்மறைச் சொற்களின் வழக்கு என்பது அவருடைய ஆய்வுப்பொருள். ‘இல்லை’, ‘அல்ல’ ஆகியவற்றுக்கான தரவுகளை முந்தைய ஆண்டே எடுத்து முடித்திருந்தார். எஞ்சியிருந்தவை ‘அன்றோ’ போன்ற அருகிய வடிவங்கள். துறையின் தரவகத்தில் காலத்தையும் நூல்வகையையும் வரையறுத்துத் தேடினார். கிடைத்த விடை 0. வரையறை ஏதுமில்லாத எளிய தேடலிலோ அதே சொல் நூற்றுக்கணக்கில் வந்தது. எனவே அவையெல்லாம் பழைய செய்யுளையும் உரைகளையும் சார்ந்தவை, புதிய உரைநடையில் இவ்வடிவம் வழக்கொழிந்துவிட்டது என்று முடிவுகட்டி எழுதினார். முந்தைய அமர்வில் அவ்வியல் வாசிக்கப்பட்டபோது, பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “மறைமலையடிகளும் திரு.வி.க.வும் எழுதிய நூற்றாண்டிலா அம்மா ‘அன்றோ’ இல்லை?”

இருவருடைய உரைநடையும் எங்கள் தரவகத்தில் உண்டு. நூலகத்துக்குச் சென்று ஒரு நூலைப் புரட்டியதும் சொல் கிடைத்துவிட்டது. சொல் இருக்கிறது, தரவகம் இல்லை என்கிறது. அன்றிரவு நானும் இன்னொரு நண்பரும் சர்வரைத் திறந்து பார்த்தோம்.

அதற்கு எட்டு மாதங்களுக்கு முன் தரவகம் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றப்பட்டிருந்தது. ஜாவாவில் எழுதப்பட்ட செயலி அது. அப்பாச்சி டாம்கேட் என்னும் சர்வரில் இயங்குவது. முதலில் டாம்கேட் 10 நிறுவப்பட்டது. செயலி எழவே இல்லை. இரண்டு நாள் மறுதொடக்கத்தின் மேல் மறுதொடக்கம். “கோப்பு கெட்டுவிட்டது, மீண்டும் ஏற்றுங்கள்” என்றார் ஒருவர். “நினைவகம் போதவில்லை” என்றார் இன்னொருவர். லாக் கோப்பை ஒருவரும் திறக்கவில்லை. திறந்திருந்தால், தொடக்கநிலைக் கூறு ஒன்று எழவில்லை, விவரம் வேறொரு லாக் கோப்பில் இருக்கிறது என்று அது வழிகாட்டியிருக்கும். அந்த இரண்டாம் கோப்பில் காரணம் அப்பட்டமாக எழுதியிருந்தது. ஜாவா இஇ தொழில்நுட்பத்தை ஆரக்கிள் நிறுவனம் எக்ளிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தபோது ‘ஜாவாஎக்ஸ்’ என்ற பெயர்முதல் உடன் செல்லவில்லை. அவ்விடத்தில் ‘ஜகார்த்தா’ வந்தது. டாம்கேட் 10 புதிய பெயரை மட்டுமே அறியும். எங்கள் செயலியோ பழைய பெயரைச் சொல்லி அழைத்தது. பொருள் அதே, பெயர் வேறு. மொழியியல் படித்தவர்களுக்கு இதைவிட எளிதாக விளங்கக்கூடிய பிழை ஒன்று உண்டா?

லாக் கோப்பின் நீண்ட பிழைப்பட்டியலைக் கண்டு மிரள்கிறோம். அதை வாசிக்கத் தமிழறிவே பெரும்பாலும் போதும். தமிழ்த் தொடரில் பயனிலை இறுதியில் நிற்பது போல, அந்தப் பட்டியலிலும் மூலக்காரணம் கடைசியாக வரும் ‘இதனால் நேர்ந்தது’ என்ற வரியில் நிற்கும். முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மறுதொடக்கம் செய்வது, எழுவாயை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போவதற்கு ஒப்பானது. முடிவில் யாரோ டாம்கேட் 9-ஐ நிறுவினார்கள், செயலி எழுந்தது. ஏன் எழுந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அது ஓசையோடு வந்த பிழை. ஆகவே இரண்டு நாளில் தீர்ந்தது. ஓசையின்றி வந்த பிழைக்கு எட்டு மாதம் ஆனது.

எளிய தேடல் சொல்லை முகவரியோடு சேர்த்து அனுப்புகிறது. இது கெட் முறை. விரிவான தேடலில் புலங்கள் பல. எனவே அது சொல்லைக் கோரிக்கையின் உடலுக்குள் வைத்து அனுப்புகிறது. இது போஸ்ட் முறை. டாம்கேட் 8 முதல் முகவரியில் வரும் எழுத்துகள் யூடிஎஃப்-8 என்றே இயல்பாகக் கொள்ளப்படுகின்றன. கோரிக்கையின் உடலுக்கு அப்படியன்று. எழுத்துக் குறியாக்கம் இன்னதென்று யாரும் சொல்லாவிட்டால், சர்வ்லெட் விதிப்படி டாம்கேட் 9 அதை ஐஎஸ்ஓ-8859-1 என்னும் மேற்கு ஐரோப்பிய எழுத்துத்தொகுதியாகவே படிக்கும். ‘அ’ என்பது யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகள். ஐரோப்பியக் கண்ணாடி போட்ட சர்வருக்கு 224 என்பது தலையில் சாய்கோடு ஏறிய ஒரு ரோமன் எழுத்து. 174 என்பது பதிவுபெற்ற வணிகச் சின்னத்தின் குறி. 133 என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டுக் குறி. ‘அன்றோ’ யூனிகோடில் ஐந்து குறிகள். சர்வர் தன் கைக்கு வந்த சொல்லின் நீளம் எவ்வளவு என்று எழுதும்படி செய்தோம். 15 என்று எழுதியது. அந்தப் பதினைந்து எழுத்துக் குப்பையைத்தான் அது எட்டு மாதமாகத் தரவகம் முழுவதும் பொறுப்பாகத் தேடி, பொறுப்பாக ‘0’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. லாக் கோப்பில் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை. சர்வரைப் பொறுத்தவரை பிழையே நிகழவில்லை அல்லவா!

பழைய கணினியில் இது ஏன் நேரவில்லை? டாம்கேட்டின் பொது அமைவுக் கோப்பில், கோரிக்கைகளுக்கு யூடிஎஃப்-8 குறியாக்கத்தை விதிக்கும் வடிகட்டி ஒன்று ஏற்கெனவே எழுதப்பட்டு, கமென்ட் குறிகளுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். பல்லாண்டுகளுக்கு முன் இங்கே பயின்ற யாரோ ஒரு மாணவர் அக்குறிகளை நீக்கி அதை எழுப்பியிருந்தார். எழுப்பியவர் பெயரோ காரணமோ எங்கும் எழுதப்படவில்லை. கணினி மாறியபோது செயலி வந்தது. சர்வரின் அமைவு வரவில்லை. நாங்கள் அந்த வடிகட்டியைச் செயலியின் சொந்த அமைவுக் கோப்பிலேயே எழுதினோம், இனி எங்கு போனாலும் உடன்செல்லட்டும் என்று. அப்போதும் விடை 0. உள்நுழைவைச் சரிபார்க்கும் வேறொரு வடிகட்டி வரிசையில் முன்னே நின்று, தேடுசொல்லை ஏற்கெனவே படித்துவிட்டிருந்தது. ஒருமுறை தவறாகப் படித்தபின் குறியாக்கத்தைச் சொல்லிப் பயனில்லை. எங்கள் வடிகட்டியை முதலிடத்துக்கு நகர்த்தினோம். ‘அன்றோ’ வந்தது. மறைமலையடிகள் வந்தார், திரு.வி.க. வந்தார்.

இனி என் வழக்குக்கு வருகிறேன்.

துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. தொழில்நுட்பக் காரணங்களால் சில தேடல் முடிவுகள் பாதிக்கப்பட்டன என்கிறது அது. மொழியியல் துறையிலிருந்து வந்த தொடர் இது என்பதை நினைவில் வையுங்கள். செயப்பாட்டுவினை, செய்தவர் இல்லை. பாதிக்கப்பட்டவை ‘முடிவுகள்’, பாதிக்கப்பட்ட மாணவி இல்லை. எந்தத் தேடல், எந்த நாள்முதல் எந்த நாள்வரை என்பதும் இல்லை. அந்த எட்டு மாதத்தில் தரவகத்தை நம்பி எழுதியவர்கள் தம் எண்களைத் திரும்பச் சரிபார்க்க வேண்டுமா என்றால், அதற்கும் சுற்றறிக்கையில் விடை இல்லை.

கூட்டத்தில் இதைவிடக் கொடிய தொடர் ஒன்றும் காதில் விழுந்தது: “இந்த மொழிகளின் எழுத்து என்றாலே கணினியில் இந்தத் தொல்லைதான்.” தமிழ் எழுத்துகள் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991 முதல், இடம்பெற்றிருக்கின்றன. தேவநாகரி முதல் மலையாளம் வரை யூனிகோடில் அடுத்தடுத்து நிற்கும் எழுத்துகள் அனைத்தும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அதே 224-இல்தான் தொடங்குகின்றன. ஆகவே அந்த எட்டு மாதமும் இந்தி, வங்கம், ஒடியா, தெலுங்கு அனைத்துக்கும் விரிவான தேடல் பூச்சியம்தான் தந்தது. தெலுங்கு ஆய்வாளர் ஒருவர் தம் மொழித் தரவு இன்னும் ஏற்றப்படவில்லை போலும் என்று எண்ணி விட்டுவிட்டார். வங்க நண்பர் தம் விசைப்பலகையைச் சந்தேகித்தார். ஒவ்வொருவரும் பூச்சியத்துக்குத் தாமே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டோம். தொல்லை எழுத்தில் இல்லை. புதிய சர்வரைச் சரிபார்த்தவர் விரிவான தேடலில் ஓர் ஆங்கிலச் சொல்லை இட்டுப் பார்த்தார், வந்தது, ‘சரி’ என்று கையெழுத்திட்டார். ஆங்கில எழுத்துகளின் எண்கள் இரண்டு குறியாக்கத்திலும் ஒன்றே. எனவே ஆங்கிலத்தை இட்டுப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை என்றுமே தெரியாது. இந்திய மொழிகளின் தரவகத்தை ஆங்கிலத்தால் சோதித்த குற்றத்தை, மொழிகளின் தலையில் ஏற்றுவது எந்த நியாயம்?

நானும் குற்றத்தில் பங்காளி. மாற்றத்துக்கு மறுநாள் எளிய தேடலில் ‘ஒரு’ என்று தமிழில் இட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னவன் நான். ஒரு வாசலைத் தட்டிவிட்டு, வீடு முழுவதற்கும் சான்று கொடுத்தேன்.

“ஜாவாவைப் புதுப்பித்தால் போதுமே” என்கிறார்கள் சிலர். 2022-இல் வந்த ஜாவா 18 முதல் இயல்பான குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆகிவிட்டது, மெய்தான். ஆனால் அது ஜாவா தானே கோப்புகளைப் படிக்கும் முறையைப் பற்றியது. போஸ்ட் கோரிக்கையின் உடலைச் சர்வர் எப்படிப் படிக்கும் என்பது சர்வ்லெட் விதியின் பாற்பட்டது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு புதுப்பித்துவிட்டு நிம்மதியாக உறங்கினால், அடுத்த எட்டு மாதம் அங்கே தொடங்கும்.

“இது தொழில்நுட்பர் வேலை, ஆய்வாளர் ஏன் இதில் தலையிட வேண்டும்?” என்பது அடுத்த வாதம். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில், சுவடிகள் யாரிடமிருந்து கிடைத்தன என்பதையும் அவற்றின் பாடவேறுபாடுகளையும் பதிவு செய்தார். அவருக்குச் செல்லரித்த ஏட்டைப் பற்றிப் பேசுவது எடுபிடி வேலையாகத் தோன்றவில்லை. மூலம் எந்த வழியாகத் தம் கைக்கு வந்தது என்று சொல்லாத பதிப்பு நம்பத்தக்கது அன்று என்பது அம்மரபு நமக்குக் கற்றுத்தந்தது. இன்று நம் சுவடி சர்வரில் இருக்கிறது. அதன் அமைவுக் கோப்பு, ஏட்டைப் பெயர்த்தெழுதியவரின் கைக்கு நிகரானது. அங்கே ஒரு வரி விழுந்தால் பாடம் கெடும். அதை அறியாமல் ‘இச்சொல் வழக்கில் இல்லை’ என்று எழுதும் துணிவு நமக்கு எங்கிருந்து வருகிறது? ‘உண்டு’ என்பதற்கு ஒரு சான்று போதும். ‘இல்லை’ என்பதற்கோ தேடிய கருவி முழுவதும் சாட்சி சொல்ல வேண்டும்.

ஆகவே எங்கள் துறையிடம் கேட்பதை இங்கே பொதுவில் வைக்கிறேன். தரவகம் வைத்திருக்கும் எல்லாத் துறைகளுக்கும் இது பொருந்தும். தேடல் முடிவுப் பக்கம், சர்வர் எந்தச் சொல்லைப் பெற்றதோ அதை அப்படியே முதல் வரியில் திருப்பிக் காட்ட வேண்டும். இந்த ஒன்று இருந்திருந்தால் முதல் நாளே அந்தக் குப்பை கண்ணில் பட்டிருக்கும். ஒவ்வொரு மொழியிலும் உறுதியாக இருக்கும் ஒரு சொல்லை, ஒவ்வொரு தேடல் வழியிலும், நாள்தோறும் கணினி தானே தேடிப் பார்க்க வேண்டும். பூச்சியம் வந்தால் எச்சரிக்கை எழ வேண்டும். அமைவுக் கோப்புகளில் செய்யப்படும் மாற்றம் ஒவ்வொன்றும் தேதியோடும் காரணத்தோடும் செய்தவர் பெயரோடும் பாதுகாக்கப்பட வேண்டும். ஆய்வேட்டின் முறையியல் பகுதியில், எந்நாள், எந்தத் தேடல் வழியில், எந்தப் பதிப்புச் சர்வரில் தரவு எடுக்கப்பட்டது என்று எழுதுவது கட்டாயமாக வேண்டும். இந்த வேலையைச் செய்யும் மாணவருக்கு அது ஆய்வுப் பணியாகக் கணக்கிடப்பட வேண்டும். அந்தப் பெயர் தெரியாத பழைய மாணவருக்கு நாம் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் அவர் நமக்கு ஒரு குறிப்பு விட்டுச் சென்றிருப்பார்.

அம்மாணவி இப்போது நான்காம் இயலை முதலிலிருந்து எழுதுகிறார். ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய நாள் மாறவில்லை. கால நீட்டிப்புக் கேட்டு அவர் எழுதிய விண்ணப்பத்துக்கு, தாமதத்துக்கான காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிடுமாறு பதில் வந்திருக்கிறது. குறிப்பிட்டிருக்கிறார், எழுவாயோடு, செய்வினையில்.