முதல் பகை தர்கா

மதமாற்றப் பிரசாரத்தைத் தட்டிக் கேட்ட ஒருவர் 2019 பிப்ரவரியில் கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதன் பிறகு தஞ்சைப் பக்கத்தில் இரண்டு கட்சிகள். "எல்லாம் அந்த மதத்திலேயே இருக்கிறது, ஸார்!" என்கிறது ஒன்று. "மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்கிறது மற்றது. முதல் கட்சிக்குச் சரித்திரம் தெரியாது. இரண்டாவதற்குத் தெரிந்தாலும் சொல்ல மனம் வராது.

நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அவர் ஆண்டது 1739 முதல் 1763 வரை. அதே காலத்தில், 1744-ல், அரேபியாவின் நஜ்துப் பகுதியில் இப்னு அப்துல் வஹ்ஹாப் என்ற போதகரும் இப்னு சவூத் என்ற சிற்றரசரும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். போதனை ஒருவருடையது, வாள் மற்றவருடையது. அந்த வாள் முதலில் யார் மேல் விழுந்தது? சமாதிகளில் நின்று வேண்டிக்கொண்ட முஸ்லிம்கள் மேல்தான்! இங்கே இந்து ராஜா அவுலியாவுக்கு மினாரா எழுப்பினார். அங்கே முஸ்லிம்களே அவுலியாக்களின் சமாதிகளை இடித்தார்கள். 'எல்லாம் மதத்திலேயே' என்பவர் இதற்கு என்ன சொல்வார்?

எகிப்தின் சையித் குதுப், இன்றைய முஸ்லிம் சமுதாயங்களும் அறியாமைக் காலத்தில்தான் கிடக்கின்றன என்று 1964-ல் எழுதினார். 1966-ல் நாசர் சர்க்கார் அவரைத் தூக்கிலிட்டது, எழுத்து பிழைத்துக்கொண்டது. ஆனால் விதைநெல் மட்டும் இருந்தால் பயிராகுமா? மடை திறக்க ஆள் வேண்டாமா? 1979-ல் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததும், அமெரிக்காவும் சவூதியும் பாகிஸ்தானும் பணத்தையும் ஆயுதத்தையும் அங்கே பாய்ச்சின.

கடல் தாண்டி நம் தமிழ் பேசும் காத்தான்குடியைப் பாருங்கள். 1990 ஆகஸ்டில் அங்கே பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். 2014-ல் அளுத்கமவிலும் 2018-ல் திகனவிலும் சிங்களக் கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளைக் கொளுத்தின. இந்தப் புண்களைக் காட்டித் தமிழில் பிரசங்கம் செய்தவன் காத்தான்குடி சஹ்ரான். அவனும் முதலில் மோதியது தன் ஊர் சூபிகளோடுதான், அது 2017-ல். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

தர்காவுக்குப் போகாத முஸ்லிம்களெல்லாம் தீவிரவாதிகள் என்று இதற்கு அர்த்தமல்ல. அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு நினையாதவர்கள். ஆனால், "நீங்கள் எல்லோரும் ஒன்றுதான்" என்று அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்கிறவர், அந்தப் பிரசங்கிக்குக் கூலியில்லாமல் ஆள் பிடித்துக் கொடுக்கிறார். "சம்பந்தமே இல்லை" என்கிறவரோ, அந்தப் பிரசங்கியைத் தம் ஊரிலேயே எதிர்த்து நிற்கும் முஸ்லிமை நட்டாற்றில் விடுகிறார். அவரையும் பகைத்துக்கொண்டு, யாரோடு சேர்ந்து நாம் இதை எதிர்க்கப் போகிறோம்?