நோய் ஓடினால் செல்வம் வரும்!

கொடைக்கானல் தாலுகாவில் உள்ள மலையூர் பண்ணைக்காடு. காப்பியும் மலை வாழையும் விளையும் பூமி.

காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் தொழிலாளி ஒருவர் காய்ச்சலில் படுத்தால் என்ன ஆகும்? கூலி போகும். இலவச வைத்தியம் பக்கத்தில் கிடைக்காவிட்டால் கையிருப்பு கரையும், கடன் ஏறும். பறிக்க ஆள் இல்லாமல் பழம் உதிரும். தோட்டக்காரருக்கும் நஷ்டம்!

ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இப்படி. ஒரு நாடே படுத்தால்?

காடு கழனியாயிற்று

இந்தியா அப்படிப் படுத்ததுண்டு. சுதந்திரம் வந்த காலத்தில் ஆண்டுதோறும் சுமார் 7½ கோடிப் பேரை மலேரியா பிடித்தது. சுமார் 8 லட்சம் பேர் மாண்டனர்.

1953-ல் சர்க்கார் மலேரியா தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. வீடு வீடாக டி.டி.டி. மருந்து தெளித்தார்கள். 1965-ல் நோயாளிகளின் தொகை சுமார் 1 லட்சமாகக் குறைந்தது!

பலன் உடம்போடு நிற்கவில்லை. இமயமலை அடிவாரத்தில் தராய் என்ற பகுதி இருக்கிறது. மண் நல்ல மண். ஆனால் மலேரியாவுக்குப் பயந்து வெளியூர் ஜனங்கள் அங்கே குடியேறவில்லை. கொசு அடங்கியதும் உழவர்கள் வந்தார்கள். காடு கழனியாயிற்று. கோதுமையும் கரும்பும் விளைந்தன. மருந்துக்குப் போட்ட பணம் விளைச்சலாகத் திரும்பியது.

கை தளர்ந்தது, நோய் திரும்பியது

'நோய்தான் போய்விட்டதே' என்று கண்காணிப்பு தளர்ந்தது. பணமும் மருந்தும் வேண்டிய நேரத்தில் வரவில்லை. கொசுவும் டி.டி.டி.க்குப் பழகிவிட்டது. விளைவு? 1976-ல் 64 லட்சம் பேருக்கு மலேரியா!

சுகாதாரச் செலவு ஒரு முறை கட்டி முடிக்கும் கட்டடம் அல்ல. ஆண்டுதோறும் உழ வேண்டிய நிலம்.

யார் பையிலிருந்து?

2013-14-ல் நாட்டின் சுகாதாரச் செலவில் 100 ரூபாய்க்கு 64 ரூபாயை ஜனங்களே தங்கள் பையிலிருந்து கொடுத்தார்கள். 2021-22-ல் இது 39 ரூபாயாகக் குறைந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்த ஆண்டு நாட்டு உற்பத்தியில் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் 84 காசுதான் மத்திய, மாநில சர்க்கார்கள் சுகாதாரத்துக்குச் செலவிட்டன. 2025-க்குள் 2 ரூபாய் 50 காசு வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை கூறியிருந்தது.

தமிழ்நாட்டில் 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீட்டிலேயே மாத்திரை கொடுக்கும் திட்டம் இது. மலையூர்க்காரருக்கு இதன் அருமை தெரியும். மாத்திரைக்காக மலை இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போயிற்று!

"முதலில் நாடு பணம் சேர்க்கட்டும், பிறகு ஆஸ்பத்திரி கட்டலாம்" என்பார் உண்டு. உழைக்கிறவர் படுத்துக் கிடந்தால் பணம் எங்கிருந்து சேரும்? விதை நெல்லைச் செலவுக் கணக்கில் எழுதி மிச்சம் பிடிக்கிற விவசாயி உண்டா?