சிறுவாணிப் பெருமையும் சீண்டப்படாத குளங்களும்

கோவையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், அட்வான்ஸ் பேசுவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "இந்த ஏரியாவுக்கு சிறுவாணியா, பில்லூரா?" சிறுவாணி என்றால் வீட்டுக்காரர் குரலில் தனி மிடுக்கு. உலகின் இரண்டாவது சுவையான தண்ணீர் என்றும் சேர்த்துக்கொள்வார். போட்டியை யார் நடத்தினார்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

சுவை உண்மைதான், அதற்குக் காரணமும் உண்டு. சிறுவாணி அணைக்கு மேலே முத்திக்குளம் மலையில் சோலைக்காடும் புல்வெளியும்தான். ஊரோ ஆலையோ இல்லை. பெய்த மழை காட்டு மண்ணில் ஊறிக் கசிந்து வருகிறது. உப்புகளைக் கரைத்துக்கொள்ள அதற்கு நேரமில்லை. அதே ஊரில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவதற்கு 'உப்புத் தண்ணி' என்றே பெயர். அதில் பருப்பு எளிதில் வேகாது. வாளியில் வெள்ளைப் படிவு கட்டும்.

அந்த மலையும் அணையும் இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். 1973 ஒப்பந்தப்படி தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. அணையின் முழு நீர்மட்டம் 50 அடி. ஆனால் பாதுகாப்பைக் காரணம் காட்டி, அண்மை ஆண்டுகளில் சுமார் 45 அடிக்கு மேல் தேக்க கேரளம் விடுவதில்லை. மேல்மட்டத்தில் நீர்ப்பரப்பு அகலம் என்பதால் அந்த ஐந்தடி சின்ன இழப்பல்ல. தமிழக அரசு கேட்பது நியாயம். விடாமல் கேட்கத்தான் வேண்டும்.

பில்லூரை இரண்டாந்தரமாகப் பார்ப்பதுதான் வேடிக்கை. சிறுவாணி ஆறு அட்டப்பாடி வழியாக ஓடிப் பவானியில் கலக்கிறது. அந்தப் பவானிதான் தமிழ்நாட்டுக்குள் திரும்பி வந்து பில்லூர் அணையில் தேங்குகிறது. குழாய்தான் வேறு, மலைத்தொடர் ஒன்றே. அங்கே மழை பொய்த்தால் இரண்டுக்கும் பாதிப்புதான். பில்லூரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று திட்டங்களை அடுக்குவது பெருகிவிட்ட நகரத்துக்குத் தேவைதான். அதையே தண்ணீர்ப் பாதுகாப்பு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

தூரத்து மலைக்குக் கொடுக்கும் மரியாதையில் கால்பங்கைக்கூடக் கோவை தன் காலடி நீருக்குக் கொடுத்ததில்லை. வெள்ளியங்கிரி மலைச் சரிவிலிருந்து இறங்கும் நொய்யலும் மலைத்தண்ணீர்தான். அதைச் சித்திரைச்சாவடி தடுப்பணையில் மறித்து, வாய்க்கால் வழியே நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி என்று குளம் குளமாக நிரப்பும் ஏற்பாடு பல நூற்றாண்டுப் பழையது. குளம் நிறைந்தால் சுற்றுவட்டாரக் கிணறு ஊறும். உப்புத் தண்ணியின் கடுமைகூடக் கொஞ்சம் தணியும்.

இன்று உக்கடம் பெரியகுளத்துக்கும் வாலாங்குளத்துக்கும் போய்ப் பாருங்கள். ஸ்மார்ட் சிட்டி பணத்தில் கரையில் நடைபாதை, வண்ண விளக்கு, செல்ஃபி எடுக்க இடம். தண்ணீரில் சாக்கடை வாடை, ஆகாயத்தாமரை. கரைக்குச் செலவழித்தவர்கள், குளத்துக்குள் வரும் சாக்கடையை முதலில் நிறுத்தியிருக்க வேண்டும். சாக்கடை தேங்கும் குளம் நிலத்தடி நீரை ஊறச் செய்யாது, கெடுக்கும்.

ஐந்தடிக்குக் கேரளத்தின் சம்மதம் வேண்டும். கழிவுநீர்க் குழாயைக் குளத்திலிருந்து திருப்பிவிடவோ, தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே மாதத்திலேயே சித்திரைச்சாவடி வாய்க்காலைத் தூர்வாரவோ திருவனந்தபுரத்துக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை.